தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இருந்துகிட்டே ஃபைல் சிஸ்டம் டூல்ஸ் கம்பைல் பண்ணி பேட்ச் அனுப்பறது எப்படி

மாம்பழ சீசன்ல ஒரு நாள் காலைல கிருஷ்ணகிரி பக்கத்துல ஒரு மாங்கூழ் கம்பெனில இருந்து எனக்கு போன் வந்துச்சு, தம்பி கணக்கு போடற கம்ப்யூட்டர் ஆன் ஆக மாட்டேங்குது கொஞ்சம் வந்து பாத்துட்டு போன்னு. நைட்டெல்லாம் கரண்ட் போய் போய் வந்துருக்கு, யூபிஎஸ் பேட்டரி எப்பவோ செத்து போச்சு, போய் பாத்தா உபுண்டு மெஷின், ஸ்க்ரீன்ல "பேட் மேஜிக் நம்பர் இன் சூப்பர் பிளாக்"னு நிக்குது. அந்த மாசம் எந்த விவசாயி எத்தன டன் இறக்கினாரு, யாருக்கு எவ்ளோ பாக்கின்னு எல்லாமே அந்த டிஸ்க்ல தான். மொதல்ல டிஸ்க்க அப்படியே இன்னொரு டிஸ்க்குக்கு காப்பி எடுத்துட்டு, காப்பி மேல ஒரே ஒரு கமாண்ட் போட்டேன், பத்து நிமிஷத்துல எல்லாம் திரும்ப வந்துருச்சு. அந்த கணக்குப்பிள்ளை அண்ணன் முகத்த பாத்தப்ப தான், இந்த டூல யாரு எழுதறாங்க, எப்படி இவ்ளோ கரெக்டா எழுதறாங்கன்னு எனக்கு தேட தோணுச்சு.

அந்த டூலோட பேரு இ2எஃப்எஸ்சிகே. அது இருக்கற மொத்த பொட்டலத்துக்கு பேரு இ2எஃப்எஸ்ப்ராக்ஸ். ஃபைல் சிஸ்டம்னா டிஸ்க்ல ஃபைல அடுக்கி வெக்கற முறை, லினக்ஸ்ல எக்ஸ்ட்2, எக்ஸ்ட்3, எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டத்த உருவாக்கறது, செக் பண்றது, சைஸ் மாத்தறது எல்லாத்துக்கும் இது தான். எக்ஸ்ட்2 வந்தது 1993ல, எக்ஸ்ட்3 லினக்ஸ் கெர்னல்ல சேந்தது 2001ல, எக்ஸ்ட்4 ஸ்டேபிள் ஆனது 2008 டிசம்பர்ல. தியோடர் ட்ஸோங்கறவரு தான் ரொம்ப வருஷமா இந்த டூல்ஸ பாத்துக்கறாரு. இத்தன வருஷமா நடக்கற ப்ராஜெக்ட்ல நமக்கு என்ன இடம் இருக்கும்னு நெனைக்காதீங்க, இருக்கு, அதுக்கு தான் இவ்ளோ நீளமா எழுதறேன். பர்கூர்லயும் செட்டிகரைலயும் அரசு இன்ஜினியரிங் காலேஜ் படிக்கற பசங்க, ஓசூருக்கு தினம் பஸ்ல போய் வேலை பாக்கறவங்க, வீட்டுல பழைய லேப்டாப் வெச்சுட்டு உக்காந்துருக்கவங்க, யாரு வேணா பண்ணலாம். சி லாங்குவேஜ்ல பாயின்டர்னா என்னன்னு தெரிஞ்சா போதும், மிச்சத்த வழில கத்துக்கலாம்.

ஒரு விஷயம் மொதல்லயே சொல்லிடறேன். கமாண்டெல்லாம் நான் தமிழ்லயே எழுதிருக்கேன், நீங்க டெர்மினல்ல அடிக்கறப்ப இங்கிலீஷ்ல, சின்ன எழுத்துல அடிங்க.

மெஷின ரெடி பண்றது

4 ஜிபி ராம் இருக்கற பழைய லேப்டாப்பே தாராளம், இது கெர்னல் மாதிரி மணிக்கணக்கா கம்பைல் ஆகற ஐட்டம் இல்ல. உபுண்டு இல்லனா டெபியன் இருந்தா நல்லது. விண்டோஸ் தான் இருக்குன்னா அதுக்குள்ளயே லினக்ஸ் ஓட்டற டபிள்யூஎஸ்எல் போட்டுக்கோங்க, ஆனா கோட சி டிரைவ்ல வெக்காதீங்க, லினக்ஸ் ஹோம் ஃபோல்டர்லயே வெச்சுக்கோங்க, சி டிரைவ்ல வெச்சா ரொம்ப ஸ்லோவா ஓடும், பெர்மிஷன் விஷயத்துல வேற குழப்பம் வரும்.

"சூடோ ஆப்ட் இன்ஸ்டால்"னு அடிச்சு பில்ட்-எசென்ஷியல், கிட், பிகேஜி-கான்ஃபிக், கெட்டெக்ஸ்ட், டெக்ஸ்இன்ஃபோ இந்த அஞ்சையும் போட்டுக்கோங்க. ஜிசிசி, மேக் எல்லாம் பில்ட்-எசென்ஷியலோட வந்துரும்.

அடுத்து கோட எறக்கணும். "கிட் க்ளோன்" போட்டு கெர்னல் டாட் ஆர்க்ல இருக்கற இ2எஃப்எஸ்ப்ராக்ஸ் ரெப்போவோட அட்ரஸ குடுங்க, கிட்ஹப்லயும் ஒரு காப்பி இருக்கு. இங்க நம்ம ஊருக்கே ஆன ஒரு பிரச்சன இருக்கு. பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் ரோட்டுல இருக்கவங்க, அரூர் மலைப்பக்கம் இருக்கவங்க எல்லாம் மொபைல் ஹாட்ஸ்பாட்ல தான் எறக்குவீங்க, பாதில சிக்னல் போச்சுன்னா கிட் க்ளோன் விட்ட இடத்துல இருந்து தொடராது, மறுபடி மொதல்ல இருந்து தான். அதனால "கிட் க்ளோன் --டெப்த் 1" போடுங்க, கடைசி காமிட் மட்டும் வரும், சின்னதா இருக்கும். அப்புறம் டேட்டா இருக்கறப்ப "கிட் ஃபெட்ச் --டீப்பன்=500"னு போட்டா பழைய ஹிஸ்டரி 500 500ஆ உள்ள வரும், கடைசில "கிட் ஃபெட்ச் --அன்ஷாலோ". ஹிஸ்டரி எதுக்குன்னு கேப்பீங்க, வேணும், ஒரு வரி ஏன் அப்படி எழுதிருக்காங்கன்னு "கிட் பிளேம்" போட்டு பாக்கறது தான் இந்த கோட படிக்கறதுக்கு உண்மையான வழி.

கம்பைல்

ரெப்போக்குள்ள நேரா கம்பைல் பண்ணாதீங்க. "பில்ட்"னு ஒரு ஃபோல்டர் போட்டு அதுக்குள்ள போய் "../கான்ஃபிகர்" அடிங்க, அது முடிஞ்சதும் "மேக் -ஜே4". தனி ஃபோல்டர் எதுக்குன்னா எதாவது கொளறுபடி ஆனா அந்த ஃபோல்டர அழிச்சுட்டு திரும்ப ஆரம்பிக்கலாம், சோர்ஸ் சுத்தமா இருக்கும். மேக் ஓடறப்ப கம்பைலர் வரிய முழுசா காட்டாது, பாக்கணும்னா "மேக் வி=1", வி பெரிய எழுத்து.

முடிஞ்சதும் தயவுசெஞ்சு "மேக் இன்ஸ்டால்" பண்ணாதீங்க. உங்க மெஷின் பூட் ஆகறப்ப டிஸ்க்க செக் பண்றதே இந்த டூல் தான், நீங்க பாதி மாத்தின ஒன்ன சிஸ்டம்ல போட்டுட்டா உங்க சொந்த டிஸ்க் மேலயே சோதனை பண்ற மாதிரி ஆயிடும். பில்ட் ஃபோல்டர்ல இருந்தே ஓட்டுங்க, இ2எஃப்எஸ்சிகே அதே பேருல இருக்கற ஃபோல்டர்ல இருக்கும், ஃபைல் சிஸ்டத்துக்குள்ள போய் நேரா பாக்கற, மாத்தற டீபக்எஃப்எஸ்ஸும் அப்படித்தான், ஃபைல் சிஸ்டத்த உருவாக்கற எம்கேஇ2எஃப்எஸ்ஸும் அதோட விவரத்த காட்டற டம்ப்இ2எஃப்எஸ்ஸும் மிஸ்க்-ங்கற ஃபோல்டர்ல இருக்கும். முன்னாடி "./" போட மறந்தா சிஸ்டம்ல ஏற்கனவே இருக்கற பழசு ஓடும், நான் மாத்தினேனே ஒண்ணும் மாறலயேன்னு அரை நாள் போயிடும்.

அப்புறம் "மேக் செக்". 300க்கு மேல டெஸ்ட் ஓடும், கடைசில எத்தன பாஸ், எத்தன ஃபெயில்னு சொல்லும். ஒண்ணும் மாத்தாத கோட்ல இத ஒரு தடவ ஓட்டி ரிசல்ட்ட எழுதி வெச்சுக்கோங்க. பின்னாடி எதாவது ஃபெயில் ஆனா அது உங்களால வந்ததா, முன்னாடியே இருந்ததான்னு அப்ப தான் தெரியும்.

ஒரு ஃபைலயே டிஸ்க்கா வெச்சு ஒடைச்சு பாக்கறது

இந்த பகுதிய தான் நிதானமா பண்ணனும். நெறைய பேர் பயப்படறது எதுக்குன்னா, ஃபைல் சிஸ்டம் டூல் கத்துக்கணும்னா பென்டிரைவ் வேணும், சூடோ வேணும், தப்பா ஒரு எழுத்து அடிச்சா வீட்டு லேப்டாப் போயிடும்னு. அப்படி எல்லாம் இல்லைங்க. இந்த டூல்ஸுக்கு ஒரு சாதாரண ஃபைல குடுத்தாலே அத டிஸ்க்கா நெனச்சு வேலை செய்யும், சூடோவே வேணாம். சொல்லப்போனா சூடோ கேக்குதுன்னாலே கைய எடுத்துட்டு, நாம எதையோ தப்பா குடுத்துருக்கோம்னு நிறுத்துங்க.

"ட்ரங்கேட் -எஸ் 256எம் டெஸ்ட்.ஐஎம்ஜி"னு ஒரு காலி ஃபைல். அது மேல "எம்கேஇ2எஃப்எஸ்", அதோட டைப்புக்கு "-டி எக்ஸ்ட்4", பிளாக் சைஸுக்கு "-பி 4096", கடைசில ஃபைல் பேரு. அவ்ளோ தான், ஒரு எக்ஸ்ட்4 டிஸ்க் ரெடி. இப்ப "டம்ப்இ2எஃப்எஸ்"ங்கறத அது மேல ஓட்டி நிதானமா படிங்க. மேஜிக் நம்பர், அதாவது இது எக்ஸ்ட் தான்னு காட்டற அடையாள நம்பர், 0எக்ஸ்இஎஃப்53னு இருக்கும், எக்ஸ்ட்2, எக்ஸ்ட்3, எக்ஸ்ட்4 மூணுலயும் இதே நம்பர் தான். பிளாக்க எல்லாம் க்ரூப் க்ரூப்பா பிரிச்சு வெச்சுருக்கும், ஒரு க்ரூப்புக்கு 32768 பிளாக், நம்ம 256 எம்பில மொத்தம் 65536 பிளாக், அப்ப ரெண்டு க்ரூப். ரெண்டாவது க்ரூப்போட ஆரம்பத்துல, அதாவது 32768ஆவது பிளாக்ல, சூப்பர் பிளாக்கோட பேக்கப் இருக்கும், சூப்பர் பிளாக்னா மொத்த ஃபைல் சிஸ்டத்தோட விவரமும் இருக்கற இடம். நெலப்பத்திரத்த ஜெராக்ஸ் எடுத்து மாமா வீட்டுல ஒண்ணு வெச்சுருப்போம்ல, அது மாதிரி.

இப்ப ஒரிஜினல அழிக்கலாம். "டிடி" கமாண்ட், இன்புட் "/டெவ்/ஜீரோ", அவுட்புட் டெஸ்ட்.ஐஎம்ஜி, "பிஎஸ்=1024 சீக்=1 கவுன்ட்=1 கான்வ்=நோட்ரங்க்". சூப்பர் பிளாக் ஆரம்பிக்கறது 1024ஆவது பைட்ல, நீளம் 1024, அதனால தான் சீக் 1, கவுன்ட் 1. கடைசில இருக்கற நோட்ரங்க்க விட்டுட்டா டிடி ஃபைல அங்கயே வெட்டிரும், 256 எம்பி ஃபைல் 2048 பைட் ஆயிடும், அப்புறம் எந்த டூல் வந்தாலும் காப்பாத்த முடியாது. அவுட்புட்ல டெவ்னு ஆரம்பிக்கற பேரு எதுவும் இல்லையான்னு என்டர் தட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவ விரல வெச்சு படிங்க.

இப்ப "இ2எஃப்எஸ்சிகே -என்" ஓட்டுங்க, -என் போட்டா எதையும் மாத்தாது, கேள்விக்கெல்லாம் வேணாம்னு அதுவே சொல்லிக்கும். அந்த மாங்கூழ் கம்பெனில நான் பாத்த அதே மேஜிக் நம்பர் எரர் உங்க ஸ்க்ரீன்லயும் வரும், கூடவே பேக்கப் பிளாக்க ட்ரை பண்றேன்னும் சொல்லும். நாமளே இடத்த சொல்லணும்னா "-பி 32768", பிளாக்ல வர்ற அதே பி, எல்லாத்துக்கும் சரின்னு சொல்ல "-ஒய்". ஓடி முடிஞ்சதும் திரும்ப டம்ப்இ2எஃப்எஸ் போட்டு பாருங்க, எல்லாம் பழையபடி இருக்கும். நான் அன்னிக்கு போட்ட கமாண்ட் இதே தான்.

ஒரு எச்சரிக்கை. பேக்கப் எங்க இருக்குன்னு கண்டுபிடிக்க எம்கேஇ2எஃப்எஸ்ஸ "-என்" போட்டு ஓட்டுன்னு பல இடத்துல சொல்லிருப்பாங்க. அது சரி தான், அந்த -என் இருந்தா ஃபார்மட் பண்ணாம இடத்த மட்டும் சொல்லும், ஆனா பதட்டத்துல -என் விட்டுப்போச்சுன்னா நெஜமாவே ஃபார்மட் ஆயிடும். நிஜ டிஸ்க் மேல நான் அத பண்ண மாட்டேன், 4096 பிளாக் சைஸுன்னா 32768ன்னு மனசுல வெச்சுக்கறேன். அதே மாதிரி மவுன்ட் ஆயிருக்கற டிஸ்க் மேல இ2எஃப்எஸ்சிகே ஓட்டவே கூடாது, கெர்னல் ஒரு பக்கம் எழுதும் இது ஒரு பக்கம் எழுதும், ரெண்டும் சேந்து டிஸ்க்க நாசம் பண்ணிரும். டூலே அத பெரிய எழுத்துல சொல்லி எச்சரிக்கும், அத மீறி ஒய் அடிக்காதீங்க.

இன்னொரு சோதனை, இது எனக்கு ரொம்ப பிடிச்சது. "டீபக்எஃப்எஸ் -டபிள்யூ டெஸ்ட்.ஐஎம்ஜி" போட்டு உள்ள போங்க. "ரைட் /ஈடிசி/ஹோஸ்ட்ஸ் கணக்கு", இங்கயும் கணக்குங்கறத இங்கிலீஷ்ல அடிங்க. அந்த ஃபைல் இமேஜுக்குள்ள போய் உக்காரும், ஐநோட், அதாவது ஒவ்வொரு ஃபைலுக்கும் இருக்கற விவரச்சீட்டு, அதோட நம்பர் 12 கிடைக்கும், ஏன்னா 11 வரைக்கும் ஏற்கனவே போயாச்சு, 2 ரூட் ஃபோல்டர், 8 ஜர்னல், 11 லாஸ்ட்+ஃபவுண்ட். இப்ப "அன்லிங்க் கணக்கு". டீபக்எஃப்எஸ்ல அன்லிங்க் என்ன பண்ணும்னா ஃபோல்டர்ல இருக்கற பேர மட்டும் எடுத்துரும், இந்த ஃபைலுக்கு எத்தன பேரு இருக்குன்னு ஐநோட்ல இருக்கற எண்ணிக்கைய தொடாது. அதாவது ஃபைல் இருக்கு, பேரு இல்ல. "க்விட்" போட்டு வெளிய வந்து "இ2எஃப்எஸ்சிகே -எஃப்" ஓட்டுங்க. அந்த -எஃப் முக்கியம், அது இல்லாட்டி டிஸ்க் க்ளீனா இருக்குன்னு சொல்லிட்டு பாக்காமயே போயிடும்.

அஞ்சு பாஸ், அதாவது அஞ்சு சுத்து ஓடும். மொதல்ல ஐநோட், பிளாக், சைஸ். ரெண்டாவது ஃபோல்டருக்குள்ள இருக்கற பேருங்க. மூணாவது எல்லா ஃபோல்டரும் ரூட்டோட இணைஞ்சுருக்கான்னு. நாலாவது எண்ணிக்கை. அஞ்சாவது க்ரூப் கணக்கு. நாலாவது பாஸ்ல நிக்கும், ஐநோட் 12 எதோடயும் சேராம கிடக்கு, லாஸ்ட்+ஃபவுண்ட்ல சேக்கட்டுமான்னு கேக்கும். ஒய் அடிங்க, எண்ணிக்கை 2னு இருக்கு 1ஆ இருக்கணும்னு சொல்லி அதையும் கேட்டு சரி பண்ணும். திரும்ப டீபக்எஃப்எஸ்ல போய் லாஸ்ட்+ஃபவுண்ட் ஃபோல்டர பாத்தா #12னு ஒரு ஃபைல் இருக்கும். இத்தன நாள் லினக்ஸ்ல பாத்துட்டு இருந்த அந்த ஃபோல்டர் எதுக்குன்னு அன்னிக்கு தான் எனக்கு மனசுல பதிஞ்சுது, படிச்சப்ப பதியல.

எத தொட்டு ஆரம்பிக்கறது

எடுத்த உடனே புது ஃபீச்சர் வேணாம். இந்த டூல் ஒரு வரி தப்பா இருந்தா யாரோ ஒருத்தரோட கல்யாண போட்டோ, யாரோ ஒரு கடையோட கணக்கு போயிடும், அதனால அங்க இருக்கவங்க புதுசா வர்றவங்களோட பெரிய மாற்றத்த சீக்கிரம் ஏத்துக்க மாட்டாங்க, அது நியாயமும் கூட.

மேன் பேஜ்ல இருந்து ஆரம்பிங்க. நீங்க இப்ப பண்ணின சோதனைலயே எங்கயாவது குழம்பிருப்பீங்க, மேன் பேஜ்ல அந்த இடம் தெளிவா இருக்கான்னு பாருங்க, இல்லாட்டி அது தான் உங்க மொத பேட்ச், அதாவது நீங்க அனுப்பற மொத திருத்தம். மேன் பேஜ் ஃபைல் பேரு .8.இன்னு முடியும், அத தான் திருத்தணும், பில்ட் ஃபோல்டர்ல .8னு முடியறது அதுல இருந்து தானா உருவாகறது, அத திருத்தினா அடுத்த மேக்ல காணாம போயிடும். மெசேஜ தமிழ்ல மொழிபெயர்க்கணும்னு ஆசை இருந்தா அது இந்த ரெப்போ வழியா போகாது, ட்ரான்ஸ்லேஷன் ப்ராஜெக்ட்னு தனியா இருக்கு, அங்க தமிழ் டீம்ல சேந்து பண்ணனும்.

அதுக்கு அடுத்தது டெஸ்ட். என்ன கேட்டா புதுசா வர்றவங்க குடுக்கக்கூடிய நல்ல விஷயம் இது தான். டெஸ்ட்ஸ் ஃபோல்டருக்குள்ள எஃப்_னு ஆரம்பிக்கறதெல்லாம் இ2எஃப்எஸ்சிகேக்கு, எம்_னு ஆரம்பிக்கறது எம்கேஇ2எஃப்எஸ்ஸுக்கு. ஒவ்வொரு எஃப்_ ஃபோல்டர்லயும் பெரும்பாலும் நாலே ஃபைல் தான்: ஒடைஞ்ச இமேஜ் ஒண்ணு ஜிஸிப் பண்ணி, ஒரு வரில டெஸ்ட்டோட பேரு, அப்புறம் எக்ஸ்பெக்ட்.1, எக்ஸ்பெக்ட்.2. மொத தடவ ஓட்டறப்ப என்ன சொல்லி ரிப்பேர் பண்ணனும்ங்கறது மொதல்ல, ரெண்டாவது தடவ ஓட்டறப்ப ஒரு குறையும் இல்லாம வரணும்ங்கறது ரெண்டாவதுல. ரெண்டு தடவ ஓட்டறது தான் இதுல அழகு, ரிப்பேர் பண்றேன்னு சொல்லிட்டு அரைகுறையா விட்டா ரெண்டாவது ஓட்டத்துல மாட்டிக்கும். மேல பேரில்லாத ஐநோட்ட உருவாக்கினோம்ல, அதே வழில தான் டெஸ்ட் இமேஜும் பண்றாங்க. மாதிரிக்கு எஃப்_டப்-ங்கற டெஸ்ட்ட தெறந்து பாருங்க, ரெண்டு ஃபைல் ஒரே பிளாக்க எனக்கு தான்னு சொன்னா என்ன பண்ணனும்ங்கறது. தனியா ஓட்டணும்னா பில்ட்டுக்குள்ள இருக்கற டெஸ்ட்ஸ் ஃபோல்டர்ல போய் "./டெஸ்ட்_ஸ்க்ரிப்ட் எஃப்_டப்". ஃபெயில் ஆச்சுன்னா அதே பேருல .ஃபெயில்ட்னு ஒரு ஃபைல் வரும், வித்தியாசம் எங்கன்னு அதுல இருக்கும்.

கம்பைலர் வார்னிங்க திருத்தறேன்னு ஆரம்பிக்கறவங்களும் உண்டு, தப்பில்ல, ஆனா வார்னிங் ஏன் வருதுன்னு புரியாம டைப்ப மாத்தி வாயடைக்கற பேட்ச் வேணாம், அது கெடுதல்.

பேட்ச் அனுப்பறது

இங்க கிட்ஹப்ல புல் ரிக்வெஸ்ட் பட்டன் தட்டற பழக்கம் இல்ல, மெயில்ல தான் பேட்ச் போகும், லினக்ஸ்-எக்ஸ்ட்4னு ஒரு மெயிலிங் லிஸ்ட்டுக்கு. ரெப்போலயே சப்மிட்டிங்-பேட்சஸ்னு ஒரு ஃபைல் இருக்கு, மொதல்ல அத படிச்சுடுங்க.

"கிட் கான்ஃபிக்"ல பேரும் மெயிலும் குடுக்கணும். நம்மளுக்கு இனிஷியல் முன்னாடியா பின்னாடியா, அப்பா பேர முழுசா போடறதான்னு எப்பவும் ஒரு குழப்பம், எப்படி வேணா போடுங்க, ஆனா ஒரே மாதிரி எல்லா இடத்துலயும் போடுங்க. தனி பிராஞ்ச் போட்டு ஒரே ஒரு மாற்றம் பண்ணுங்க. எடிட்டர் டேப்ப ஸ்பேஸா மாத்திடாம பாத்துக்கோங்க, இந்த கோட் முழுக்க டேப் தான், மாறுச்சுன்னா பேட்ச் ஒட்டாது. அப்புறம் "கிட் காமிட் -எஸ்". அந்த -எஸ் சைன்ட்-ஆஃப்-பைனு ஒரு வரிய சேக்கும், இந்த கோட குடுக்க எனக்கு உரிமை இருக்குன்னு நீங்க கையெழுத்து போடறதுக்கு சமம், கம்பெனில வேலை பாக்கறவங்க ஆபீஸ் நேரத்துல எழுதினத அனுப்பறதுக்கு முன்னாடி இத யோசிச்சுக்கோங்க.

காமிட் மெசேஜோட மொத வரி எந்த டூல்னு சொல்லி ஆரம்பிக்கணும், இ2எஃப்எஸ்சிகே, கோலன், அப்புறம் என்ன பண்ணுதுன்னு சுருக்கமா. ஒரு வரி விட்டு, ஏன் இந்த மாற்றம், முன்னாடி என்ன நடந்துச்சு, எப்படி பாத்தா தெரியும்னு எழுதுங்க. இங்கிலீஷ் சரியா வராதேன்னு தயங்காதீங்க, சின்ன சின்ன வாக்கியமா எழுதினா போதும், அவங்க பாக்கறது காரணத்த.

"கிட் ஃபார்மட்-பேட்ச் -1" போட்டா ஒரு ஃபைல் வரும், அத "கிட் செண்ட்-ஈமெயில்" வழியா அனுப்பணும், உபுண்டுல அது தனி பேக்கேஜ், கிட்-ஈமெயில்னு இன்ஸ்டால் பண்ணிக்கணும். ஜிமெயில்னா டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் ஆன் பண்ணி ஆப் பாஸ்வேர்டுன்னு ஒண்ணு எடுத்து அத குடுக்கணும், உங்க நெஜ பாஸ்வேர்ட் வேலை செய்யாது, போர்ட் 587. லிஸ்ட்டுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி உங்க மெயிலுக்கே ஒரு தடவ அனுப்பி, அத எடுத்து புது பிராஞ்ச்ல "கிட் ஏஎம்" போட்டு ஒட்டுதான்னு பாருங்க. போன்ல இருக்கற ஜிமெயில் ஆப்ல இருந்து லிஸ்ட்டுக்கு எழுதாதீங்க, அது எச்டிஎம்எல்லா போகும், லிஸ்ட் சர்வர் திருப்பி அனுப்பிரும்.

பதில் வந்தா அவங்க எழுதின வரிக்கு கீழயே பதில் எழுதணும், மேல மொத்தமா எழுதற நம்ம ஆபீஸ் பழக்கம் அங்க செல்லாது. இத மாத்துன்னு சொன்னா கோவப்படாம மாத்தி, "கிட் ஃபார்மட்-பேட்ச் -வி2 -1" போட்டு ரெண்டாவது பதிப்பா அனுப்புங்க, போன தடவைக்கும் இதுக்கும் என்ன மாறுச்சுன்னு மூணு கோடு இருக்கற வரிக்கு கீழ எழுதினா அது காமிட்ல சேராம படிக்கறவங்களுக்கு மட்டும் தெரியும். பதிலே வரலன்னா ரெண்டு வாரம் பொறுத்துட்டு அதே மெயில் த்ரெட்ல மரியாதையா ஒரு ஞாபகப்படுத்தல் போடுங்க, புதுசா இன்னொரு மெயில் போட்டா பழைய பேச்சு தொடர்பு இல்லாம போயிடும். அந்த ரெண்டு வாரமும் சும்மா இருக்காம லிஸ்ட்ல வர்ற மத்தவங்க பேட்ச்ச எடுத்து உங்க பில்ட்ல ஒட்டி "மேக் செக்" ஓட்டி பாருங்க, பாஸ் ஆனாலும் ஃபெயில் ஆனாலும் எந்த மெஷின்ல, எந்த ஜிசிசில ஓட்டினேன்னு சேத்து அந்த த்ரெட்லயே எழுதி போடுங்க.